டாக்டரின் குடை

1995 மார்ச் 20, திங்கட்கிழமை, காலை எட்டு மணி. தோக்கியோ சுரங்க ரயிலின் சியோதா தடத்தில், அலுவலகம் போகிறவர்கள் தோளோடு தோள் இடித்து நிற்கும் பெட்டியில், 48 வயதுக்காரர் ஒருவர் குடையோடு நின்றிருந்தார். குடையின் நுனியை முன்கூட்டியே தீட்டிக் கூராக்கியிருந்தார்கள். காலடியில், செய்தித்தாளில் சுற்றிய பிளாஸ்டிக் பைகள் இரண்டு. உள்ளே இருந்த திரவத்தின் பெயர் சாரின். ஆவியாகி மூச்சில் கலந்தால் நரம்புகள் வேலை செய்யாது, கண் இருளும், மூச்சு நிற்கும். ஷின் ஒச்சானொமிசு நிலையம் நெருங்கியபோது அவர் குடை நுனியால் குத்தினார். ஒரு பை கிழிந்தது. கதவு திறந்ததும் இறங்கிப் போய்விட்டார்.

அதே வேளையில் வேறு நான்கு ரயில்களில் வேறு நான்கு பேர் இதையே செய்தார்கள். ஐந்தும் கசுமிகசெகி நிலையம் வழியாகப் போகும் வண்டிகள். ஜப்பானின் அமைச்சகங்களும் காவல்துறைத் தலைமையகமும் இருக்கும் பகுதி அது. 13 பேர் இறந்தார்கள். கால் நூற்றாண்டு முடங்கிக் கிடந்து 2020-இல் இறந்த பெண்ணையும் சேர்த்தால் 14. பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய ஆறாயிரம் பேர். அவசர அவசரமாகத் தயாரித்த, தூய்மை குறைந்த சாரின் என்பதால்தான் சாவு இந்த அளவோடு நின்றது.

குடையோடு நின்றவரின் பெயர் இகுவோ ஹயாஷி. கெயோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர். இதய அறுவை சிகிச்சை நிபுணர்.

தேநீர் குடித்துக்கொண்டே இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “படிச்ச டாக்டர், நல்ல சம்பளம், அவருக்கு என்னங்க குறை?” நியாயமான கேள்வி. மத பயங்கரவாதத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை. நம்மிடம் தயாராக இருக்கும் பதில்களை அது முதலிலேயே தட்டிவிடுகிறது.

வறுமையும் படிப்பின்மையும்தான் காரணம் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். அன்று பை கொண்டுபோன மற்றவர்களைப் பாருங்கள். தோரு தொயோதா, தோக்கியோ பல்கலைக்கழகத்தில் துகள் இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்தவர். கெனிச்சி ஹிரோசே, வசேதா பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் சிறந்து விளங்கியவர். சாரினைத் தயாரித்த மசாமி த்சுச்சியா, த்சுகுபா பல்கலைக்கழகத்தில் கரிம வேதியியல் படித்தவர். ஜப்பானை விட்டு வெளியே வந்தாலும் கதை மாறுவதில்லை. 1994 பிப்ரவரியில் ஹெப்ரோனில் தொழுதுகொண்டிருந்த 29 முஸ்லிம்களைச் சுட்டுக் கொன்ற பாரூக் கோல்ட்ஸ்டைன் ஒரு மருத்துவர். அதே ஆண்டு அமெரிக்காவின் பென்சகோலாவில் கருக்கலைப்பு மருத்துவர் ஒருவரைச் சுட்டுக் கொன்ற பால் ஹில், முன்பு பாதிரியாராக இருந்தவர். 2019 ஈஸ்டர் நாளில் கொழும்பில் குண்டோடு போனவர்களில் இருவர், பெரும் பணக்கார வாசனைப்பொருள் வணிகர் ஒருவரின் பிள்ளைகள். உலகத்தில் கோடிக்கணக்கான ஏழைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் யாரையும் கொல்லாமல் உழைத்துத்தான் பிழைக்கிறார்கள். வறுமையின் மீது இந்தப் பழியைப் போடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்த பதில், மூளைச்சலவை. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொண்டால் எப்படி நடந்தது என்பதைப் பார்க்காமலே எழுந்துவிடுவோம். எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் போவோம்.

இவர்களை அனுப்பிய குருவின் பெயர் ஷோகோ அசஹாரா. இயற்பெயர் சிசுவோ மத்சுமோதோ. 1955-இல் குமமோதோ மாவட்டத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு கண்ணில் பார்வை இல்லை, மறு கண்ணில் கொஞ்சம். பார்வையற்றோருக்கான விடுதிப் பள்ளியில் படித்தார். அக்குபஞ்சர் செய்து பிழைத்தார். போலி மருந்து விற்றதற்காக 1982-இல் தண்டிக்கப்பட்டார். 1984-இல் தோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ஒரு சிறிய யோகா வகுப்பு தொடங்கினார். இமயமலையில் முக்தி அடைந்துவிட்டதாக 1986-இல் அறிவித்தார். அடுத்த ஆண்டு அமைப்புக்கு ‘ஓம் ஷின்ரிக்கியோ’ என்று பெயர் வந்தது. அந்த ‘ஓம்’ நம் ஓம்தான். முதன்மைத் தெய்வம் சிவன். தியானமும் சடங்கும் திபெத்திய பௌத்தத்திலிருந்து வந்தவை. உலக அழிவு பற்றிய கணிப்பு கிறிஸ்தவ விவிலியத்தின் வெளிப்பாட்டு நூலிலிருந்தும் நோஸ்திரதாமஸ் ஆரூடங்களிலிருந்தும் எடுத்தது.

எந்த மதம் பயங்கரவாத மதம் என்று பட்டியல் போடுகிறவர்களை நான் இந்த இடத்தில் நிறுத்திக் கேட்பேன்: இந்தக் குற்றத்தை எந்த மதத்தின் கணக்கில் எழுதுவீர்கள்? சிவன் கணக்கிலா, புத்தர் கணக்கிலா, விவிலியத்தின் கணக்கிலா?

அந்த யோகா வகுப்புக்கு வந்தவர்கள் கொலை செய்ய வரவில்லை. முதுகு வலிக்காக வந்தவர்கள் இருந்தார்கள். தியானத்தில் மனம் ஒன்றியதால் தங்கிவிட்டவர்கள் இருந்தார்கள். 1980-களின் ஜப்பானில் பணம் கொழித்தது. நல்ல பள்ளி, நல்ல கல்லூரி, பெரிய நிறுவனம், ஓய்வூதியம் என்று வாழ்க்கைப் பாதை முழுவதும் முன்கூட்டியே போடப்பட்டிருந்தது. அந்தப் பாதையில் நன்றாக ஓடக்கூடிய இளைஞர்களில் சிலருக்கே ‘எதற்காக ஓடுகிறோம்’ என்ற கேள்வி வந்தது. கேள்வியில் தவறே இல்லை. அதை வீட்டிலும் அலுவலகத்திலும் யாரும் காதில் வாங்கவில்லை. அசஹாரா வாங்கினார். மரணம் என்றால் என்ன, பிறந்து இறப்பதிலிருந்து விடுபட வழி உண்டா என்று கேட்டவர்களுக்கு அவர் தயங்காமல் பதில் சொன்னார். ஹயாஷி தினமும் நோயாளிகளின் சாவைப் பார்க்கும் மருத்துவர். 1990-இல் அரசு மருத்துவமனைப் பதவியை விட்டுவிட்டு, மனைவி மக்களோடு போய்ச் சேர்ந்தார்.

இதுதான் எனக்கு மிகவும் வருத்தமான பகுதி. அவரைக் கொலைகாரனாக்கிய பயணம் தொடங்கியது அவரிடமிருந்த நல்ல குணத்தில்: இரக்கத்தில், உண்மையைத் தேடும் தவிப்பில். மத பயங்கரவாத அமைப்புகள் குரூரமானவர்களைத் தேடிப் பொறுக்கி எடுப்பதில்லை. குரூரமானவர்கள் அவற்றுக்கு அவ்வளவாகப் பயன்படவும் மாட்டார்கள். ஒரு பெரிய நோக்கத்துக்காகத் தன்னைக் கொடுக்கத் தயாராக இருப்பவர்தான் வேண்டும்.

சேர்ந்த பிறகு வருவது துறவு. ஓம் அமைப்பில் முழுத் துறவு ஏற்பவர் வீடு, நிலம், சேமிப்பு எல்லாவற்றையும் அமைப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பெற்றோர், நண்பர் தொடர்பு அறுபடும். சமஸ்கிருதத்தில் புதுப் பெயர் வரும். ஃபியூஜி மலை அடிவாரத்துக் கமிகுயிஷிகி கிராமத்தில், ‘சத்யம்’ என்று எண் போட்ட கட்டடங்களில் வாழ்க்கை. குறைந்த தூக்கம், குறைந்த சாப்பாடு, நாள் முழுக்கக் குருவின் குரல். திரும்பிப் போக நினைத்தாலும் போவதற்கு வீடு இல்லை, வேலை இல்லை, பழைய பெயர்கூட இல்லை. மனித மனம் எல்லாவற்றையும் தனியாக யோசித்து முடிவெடுப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் பாதி முடிவுகளை எடுக்கிறோம். பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே விதமாகத் தலையாட்டும் இடத்தில் சந்தேகம் என்பது அறிவின் அடையாளமாகத் தோன்றாது, தன் ஆன்மிகக் குறையாகத் தோன்றும். மார்க் சேஜ்மன் என்ற மனநல மருத்துவர் அல்-கைதா வட்டாரத்தைச் சேர்ந்தவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை ஆராய்ந்து 2004-இல் எழுதியபோதும் இதைத்தான் கண்டார். பெரும்பாலோரை உள்ளே இழுத்தது நண்பர்களும் உறவினர்களும். கொள்கை அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

கொலை எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்ல வேண்டும்.

1988-இல் கடுமையான பயிற்சியின்போது சீடர் ஒருவர் இறந்துபோனார். விபத்துதான். காவல்துறையிடம் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அமைப்புக்குச் சட்டப்படி மத நிறுவனம் என்ற அங்கீகாரம் வாங்கும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. செய்தி வெளியே போனால் அது கெடும். உடலை ரகசியமாக எரித்துவிட்டார்கள். அதை அறிந்திருந்த இன்னொரு சீடர் அமைப்பை விட்டு விலக விரும்பினார். 1989 பிப்ரவரியில் அவரைக் கொன்றார்கள். ஆகஸ்டில் அங்கீகாரமும் கிடைத்தது. அதோடு வரிச் சலுகையும், அதிகாரிகள் எளிதில் தலையிடாத பாதுகாப்பும்.

அந்த முதல் கொலைக்கான காரணத்தை நன்றாகக் கவனியுங்கள். அதில் கடவுள் இல்லை, உலக அழிவு இல்லை. மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான் இருந்தது. ஒரு கடையிலோ கட்சியிலோ வரக்கூடிய அதே பயம். மதம் அதற்குப் பிறகுதான் வேலைக்கு வந்தது. செய்துவிட்டதற்கு ஒரு விளக்கம் வேண்டுமே! இறக்கும்போது உணர்வை மேலான நிலைக்கு அனுப்பும் தியானம் ஒன்று திபெத்திய மரபில் உண்டு. அசஹாரா அதை எடுத்துத் தலைகீழாக்கினார். பாவம் சேர்த்துக்கொண்டிருப்பவனை ஞானி ஒருவர் கொன்றால், அவன் மேலும் பாவம் செய்யாமல் காப்பாற்றப்படுகிறான், நல்ல பிறவிக்குப் போகிறான். ஆகவே அது கருணை. ஒருமுறை இதை ஏற்றுக்கொண்டால் எந்தக் கொலைக்கும் தடை இல்லை. கொல்கிறவன் கை நடுங்கினால், அந்த நடுக்கம்கூடத் தன் பக்குவமின்மை என்று நினைத்து அடக்கிக்கொள்வான். ஹயாஷியும் அன்று ரயிலில் பயணிகளைப் பார்த்துத் தயங்கியதைப் பின்னர் நீதிமன்றத்தில் சொன்னார். தயக்கம் வந்தது, ஆனால் தன் தயக்கத்தை நம்பக்கூடாது என்று அதற்குள் அவருக்குப் பழக்கிவிட்டிருந்தார்கள்.

பழக்கம் ஒரே நாளில் வந்ததல்ல. அமைப்பின் மருத்துவராக அவர் சீடர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து மனதில் உள்ளதை வரவழைத்தார். பிறகு நினைவை அழிக்க மின் அதிர்ச்சி கொடுத்தார். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம்தான் பெரியது. குடை கைக்கு வந்தபோது அவர் பல படிகள் இறங்கி முடித்திருந்தார். ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் நாஜி முகாம்களில் வேலை செய்த டாக்டர்களைப் பற்றி முன்பே நெடுநாள் ஆராய்ந்தவர். ஓம் அமைப்பைப் பற்றியும் 1999-இல் நூல் எழுதினார். இரண்டு இடத்திலும் அவர் பார்த்தது ஒன்று: கொல்வதையே குணப்படுத்துவதாக நம்பும் மருத்துவர்கள்.

அவமானத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. 1990 பிப்ரவரியில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அசஹாராவும் சீடர்களுமாக 25 பேர் போட்டியிட்டார்கள். அவருடைய முகம் போன்ற முகமூடியை மாட்டிக்கொண்டு, பாட்டுப் பாடித் தெருத்தெருவாக வாக்குக் கேட்டார்கள். அசஹாராவுக்குக் கிடைத்தது 1,783 வாக்கு. ஒருவர்கூட வெல்லவில்லை. தொலைக்காட்சி சிரித்தது. வாக்குகளைத் திருடிவிட்டார்கள் என்றார் அசஹாரா. உலகத்தைக் காப்பாற்றப் பிறந்ததாக நம்புகிறவரை உலகம் கேலி செய்தால் அவரிடம் இரண்டு விளக்கம்தான் மிஞ்சும். ஒன்று, நான் அப்படிப்பட்டவன் அல்ல. இன்னொன்று, இந்த உலகம் காப்பாற்றத் தகுதியற்றது. அவர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆண்டிலேயே கிருமி ஆயுத முயற்சி தொடங்கியது.

எதிரியும் வளர்ந்துகொண்டே போனான். முதலில் விலக நினைத்த ஒரு சீடர். அப்புறம் ஒரு வழக்கறிஞர். அப்புறம் நில வழக்கை விசாரித்த நீதிபதிகள். அவர்களைக் குறிவைத்து 1994 ஜூன் 27-இல் மத்சுமோதோ நகரில் சாரினைப் பரப்பியதில் அக்கம்பக்கத்தார் ஏழு பேர் அப்போதே இறந்தார்கள். கடைசியில் ஜப்பான் முழுவதும், அமெரிக்காவும். தங்கள் மீது விஷவாயு தெளிக்கிறார்கள் என்று அமைப்பு ஓயாமல் சொல்லிவந்தது. ஆனால் விஷவாயு ஆலை கட்டியது அவர்களே, ஏழாம் எண் சத்யத்தில். அதற்குள் அமைச்சகங்களோடு ஒரு நிழல் அரசாங்கமே நடத்திக்கொண்டிருந்தார்கள். ஹயாஷி அதில் சிகிச்சை அமைச்சர். 1995 புத்தாண்டு நாளில், கமிகுயிஷிகியில் சாரின் எச்சம் கிடைத்த செய்தியை யோமியுரி நாளேடு வெளியிட்டது. சோதனை வரப்போகிறது என்று தெரிந்ததும் காவல்துறையைத் திசைதிருப்ப ரயில் தாக்குதலுக்கு உத்தரவு வந்தது. மாட்டிக்கொள்ளும் பயத்தில் தொடங்கியது, அதே பயத்தில் உச்சத்துக்குப் போனது.

பை கொண்டுபோனவர்களுக்கு நச்சுமுறிவு ஊசியும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அடுத்த பிறவி அவ்வளவு மேலானது என்றால் இந்த ஊசி எதற்கு என்று அவர்களில் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எல்லா மத பயங்கரவாதமும் இப்படியே நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. பல இடங்களில் வேர் மண்ணில் இருக்கிறது. ஆக்கிரமிப்பு, நிலப் பறிப்பு, கலவரத்தில் எரிந்த கடைத்தெரு, சிறையில் நடந்த சித்திரவதை ஆகியவை உண்மையான காயங்கள். அவற்றைக் கட்டுக்கதை என்று ஒதுக்குகிறவர் எதையும் புரிந்துகொள்ள மாட்டார். தற்கொலைத் தாக்குதலுக்கு மதம் கட்டாயம் என்பதும் உண்மையல்ல. தமிழர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1980 முதல் 2003 வரை உலகில் நடந்த தற்கொலைத் தாக்குதல்களை ராபர்ட் பேப் என்ற அரசியல் ஆய்வாளர் கணக்கெடுத்தபோது, அதிகம் நடத்திய அமைப்பாக விடுதலைப் புலிகள் இருந்தார்கள். அவர்கள் கேட்டது ஒரு நிலம். சொர்க்கத்தைக் காட்டி யாரையும் அனுப்பவில்லை.

அப்படியானால் மதம் கூடுதலாக எதைச் சேர்க்கிறது? பல மதங்களின் வன்முறையாளர்களை நேரில் சந்தித்துப் பேசிய மார்க் யூர்கன்ஸ்மயர் என்ற ஆய்வாளர் ஒன்றைச் சொல்கிறார்: இவர்கள் எல்லோரும் தாங்கள் ஏதோ ஒரு வழக்கிலோ தகராறிலோ இருப்பதாக நினைக்கவில்லை, நன்மைக்கும் தீமைக்கும் இடையே பிரபஞ்சம் முழுவதும் நடக்கும் போரில் நிற்பதாக நினைக்கிறார்கள். நிலத்துக்காகச் சண்டை போடுகிறவரோடு எவ்வளவு நிலம் என்று பேச ஓர் இடமாவது இருக்கும். தீமையை அழிக்க வந்ததாக நம்புகிறவர் தீமையோடு என்ன சமரசம் பேசுவார்? தோல்வியும் அவரை நிறுத்தாது. போர் பல நூற்றாண்டுகளுக்கு நடக்கும், கணக்கு மறு உலகில் தீரும் என்றால் இன்றைய தோல்விக்கு என்ன பொருள்? கையாலாகாதவனாக, கேலிக்கு ஆளானவனாக உணர்ந்த ஒருவரை இந்தக் கதை ஒரே இரவில் படைவீரனாக்குகிறது. அவரிடம் முன்பே இருந்த கோபத்துக்கு அனுமதிச் சீட்டு கிடைக்கிறது. கோபம் நிலத்திலிருந்தோ அவமானத்திலிருந்தோ வந்திருக்கலாம். அந்தச் சீட்டைக் கொடுக்கும் அதிகாரம், தன்னைக் கடவுளின் வாய் என்று சொல்லிக்கொள்ளும் மனிதரிடம் இருக்கிறது. ஆகவே காயத்தை மட்டும் பார்த்தாலும் போதாது, வேத நூலை மட்டும் புரட்டினாலும் போதாது. யார் அந்த மனிதர், அவரைச் சுற்றி எதிர்த்துக் கேள்வி கேட்க யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்கள் இருந்தார்கள் என்பதுதான் மனதை அறுக்கிறது. ஓம் அமைப்பைப் பற்றி முதலில் எச்சரித்தது அதில் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோர். எங்கள் பிள்ளையைப் பார்க்க விட மாட்டேன் என்கிறார்கள் என்று அவர்கள் வழக்கறிஞர் த்சுத்சுமி சகமோதோவிடம் போனார்கள். அவர் அவர்களை ஒன்றுசேர்த்து வழக்குக்குத் தயாரானார். 1989 நவம்பரில் அவரும் மனைவியும் ஒரு வயதுக் குழந்தையும் வீட்டிலிருந்து காணாமல் போனார்கள். ஓம் அமைப்பின் பதக்கம் ஒன்று அந்த வீட்டில் கிடந்தது. அப்படியும் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த வழக்கில் காவல்துறை அமைப்பைச் சோதனையிடவில்லை. மதச் சுதந்திரத்தில் தலையிடுவதாகிவிடும் என்ற கூச்சமும், ஏதோ குடும்பத் தகராறு என்ற அலட்சியமும் சேர்ந்துகொண்டன. மூன்று பேரின் உடல்களும் 1995 செப்டம்பரில்தான் மலைப்பகுதிகளில் கிடைத்தன. அசஹாராவையும் 12 சீடர்களையும் 2018 ஜூலையில் தூக்கிலிட்டார்கள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட ஹயாஷிக்கு ஆயுள் தண்டனை.

இலங்கையிலும் இதே வரிசைதான். 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரான் ஹாஷிம் தமிழில் பிரசங்கம் செய்தவர், காத்தான்குடிக்காரர். அவருடைய முதல் எதிரிகள் கிறிஸ்தவர்கள் அல்லர். அதே ஊரின் சூஃபி முஸ்லிம்கள். 2017 மார்ச்சில் அவர்களோடு நடந்த மோதலுக்குப் பிறகுதான் தலைமறைவானார். வட்டம் சுருங்கி, கடைசியில் சகோதரர்களும் நெருங்கிய சில நண்பர்களும் மிஞ்சினார்கள். அளுத்கமவில் 2014-இலும் திகணவில் 2018-இலும் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரங்கள் அவர் போன்றவர்களின் பேச்சுக்குக் காது தேடிக் கொடுத்தன. ஆனாலும் காத்தான்குடி முஸ்லிம்கள் அவர் பக்கம் போகவில்லை. அவரைப் பற்றி அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார்கள். இந்தியாவிலிருந்தும் 2019 ஏப்ரல் தொடக்கத்தில் எச்சரிக்கை போனது. ஏப்ரல் 21-இல் மூன்று தேவாலயங்களிலும் மூன்று விடுதிகளிலும் குண்டு வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் தமிழ்ப் பிள்ளைகள்.

கிடைத்த எச்சரிக்கையின்படி நடவடிக்கை எடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று இலங்கை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆனால் 2019 மே மாதம், குண்டு வெடித்து மூன்று வாரம் கழித்து, வடமேல் மாகாணத்தில் கும்பல்கள் திரண்டு முஸ்லிம்களின் வீடுகளையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் அடித்து நொறுக்கின. ஸஹ்ரானைப் பற்றி முன்கூட்டியே போய்ச் சொன்ன சமூகத்துக்குக் கிடைத்த பதில் அது.